பழைய லாரி, வேலை பார்த்த இன்ஜின்: உள்ளே இருப்பது எது?

"இன்ஜின் ஃபுல்லா வேலை பார்த்தாச்சுங்க. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கை வைக்கவே வேணாம்." பழைய லாரி விலை பேசும் இடத்தில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். நாமக்கல்லோ, சங்ககிரியோ, சென்னைப் புறநகரோ, எங்கே போனாலும் இதே பேச்சு. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் என்ன வேலை பார்த்தார்கள், எந்த பிளாக் உள்ளே இருக்கிறது, பிஸ்டன் என்ன அளவு, கிராங்க் எத்தனை முறை கிரைண்டிங் ஆனது என்று கேட்டால், பலரிடம் பதில் இருக்காது.

பதில் தெரியாமல் வாங்கினால் இரண்டு பக்கமும் அடி விழும். ஒன்று, பணிமனையில்: தப்பான பேரிங், தப்பான கேஸ்கெட் போட்டு மறுபடியும் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். இரண்டாவது, காகிதத்தில்: ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாற்றம், எஃப்.சி., இன்சூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் வண்டி நின்றுவிடும். நகையை அடகு வைத்து வாங்கிய லாரி, ஷெட்டில் நின்றபடியே வட்டி சாப்பிடும்.

இதைத் தவிர்க்கப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கையில் ஸ்மார்ட்போன், ஒரு டார்ச், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு துணி, ஒரு பென்சில், வெள்ளைத் தாள் போதும். ஒரு இன்ஜின் எது என்று சொல்ல நான்கு சாட்சிகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்து, நான்கும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

முதல் சாட்சி: ஆர்.சி.

லாரியைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், வாகன வகை, எஃப்.சி., இன்சூரன்ஸ் முடியும் நாள் போன்றவை தெரியும். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மற்றவர்களுக்கு முழுதாகத் தெரியாது, சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் உரிமையாளரிடம் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ உள்ள ஆர்.சி.யைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய புத்தகம் இருந்தால் அதையும் வாங்கிப் பாருங்கள்.

ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இன்ஜின் எண், சேசிஸ் எண், தயாரிப்பு மாதமும் ஆண்டும், சிலிண்டர் எண்ணிக்கை, சி.சி. கடைசி இரண்டையும் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் இன்ஜினை அடையாளம் காண அவைதான் அடிப்படை. ஏன் என்று கீழே கணக்கோடு பார்ப்போம்.

தயாரிப்பு ஆண்டு இன்னொரு விஷயத்தையும் சொல்லும். பாரத் ஸ்டேஜ் 2 புகை விதி நாடு முழுவதும் 2005-இலும், ஸ்டேஜ் 3 2010-இலும், ஸ்டேஜ் 4 2017-இலும், ஸ்டேஜ் 6 2020-இலும் நடைமுறைக்கு வந்தன. 2012-இல் தயாரான லாரியில், 1990-களில் ஓடிய டர்போ இல்லாத இன்ஜின் உட்கார்ந்திருந்தால், அது அந்த வண்டியோடு பிறந்த இன்ஜின் இல்லை. கேள்வி கேட்க இதுவே போதும்.

இந்தச் சாட்சியும் தவறலாம். பழைய பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றும்போது பூஜ்யமும் 'ஓ' எழுத்தும் இடம் மாறியிருக்கலாம், சி.சி. விடுபட்டிருக்கலாம். எழுத்துப் பிழை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம். திருத்தம் விற்பவர் பெயரில் இருக்கும்போதே நடக்கட்டும். "நீங்க வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கோங்க" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது சாட்சி: பிளாக்கில் குத்திய எண்

இன்ஜின் பிளாக்கில் இரண்டு வகை எண்கள் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

மேலே எழும்பி நிற்கும் பெரிய எழுத்துகள் வார்ப்பு எண். இரும்பை வார்க்கும்போது அச்சிலேயே வந்தவை. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் இதே எண் இருக்கும். இது இன்ஜினின் குடும்பப் பெயர் மாதிரி.

மட்டமாகச் சீவிய ஒரு பரப்பில் உள்நோக்கிக் குத்தப்பட்ட எழுத்துகள்தான் இன்ஜின் எண். ஒரு இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று. ஆர்.சி.யில் இருப்பது இதுதான். பம்ப் இருக்கும் பக்கத்திலோ, ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்துக்குக் கீழேயோ தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அந்த மாடலுக்கான கையேட்டிலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ கேட்டால் சரியான இடத்தைச் சொல்வார்கள்.

எண்ணைப் படிக்கும் முறை: இன்ஜின் ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடையுங்கள். எமரி தாள், கிரைண்டர் எதுவும் வேண்டாம். எழுத்து தேய்ந்தால் நாளைக்கு நீங்களே சந்தேகத்துக்கு ஆளாவீர்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகத் தெரியும். போனில் ஒரு நெருக்கப் படம், எண் இருக்கும் இடம் தெரியும்படி சற்றுத் தள்ளி ஒரு படம் எடுங்கள். பிறகு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைக்குச் சேசிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதே மாதிரிதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் இருக்கிறதா? எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட், கிரைண்டர் கோடு, வெல்டிங் தடம் இருக்கிறதா? ஓர் எழுத்து மட்டும் வேறு வடிவத்தில் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரத்தை நிறுத்திவிட்டு விளக்கம் கேளுங்கள்.

மூன்றாவது சாட்சி: தகடுகளும் பெயர்களும்

இன்ஜினின் பெயரிலேயே அதன் அளவு ஒளிந்திருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

டாடா லாரிகளில் 692, 697, 497 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை. அடுத்த இரண்டும் போர் அளவு, மில்லிமீட்டரில். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். 497 என்றால் 4 சிலிண்டர், அதே 97 மி.மீ. பின்னால் வரும் 'என்.ஏ.' என்றால் டர்போ இல்லை, 'டி.சி.' என்றால் டர்போ உண்டு, 'டி.சி.ஐ.சி.' என்றால் டர்போவோடு இன்டர்கூலரும் உண்டு.

பழைய லேலண்ட் இன்ஜின்களில் கணக்கு வேறு. அங்கே 400, 680 என்பவை மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஒரு கன அங்குலம் 16.39 சி.சி. ஆகவே 400 என்பது சுமார் 6,550 சி.சி., 680 என்பது சுமார் 11,100 சி.சி. அதற்குப் பின் ஜப்பானின் ஹினோ தொழில்நுட்பத்தில் வந்த அசோக் லேலண்ட் 6 சிலிண்டர் இன்ஜினில் போர் 104 மி.மீ., ஸ்ட்ரோக் 113 மி.மீ., கொள்ளளவு 5,759 சி.சி.

கம்மின்ஸ் பி வரிசை இன்ஜின் என்றால் முன்பக்கப் பல்சக்கர உறையில் ஒரு தகடு இருக்கும். அதில் இன்ஜின் வரிசை எண்ணோடு 'சி.பி.எல்.' என்று ஓர் எண்ணும் இருக்கும். எந்தப் பிஸ்டன், எந்த டர்போ, எந்த கேம் சேர்த்துக் கட்டிய இன்ஜின் என்பதை அந்த சி.பி.எல். எண் சொல்லும். உதிரிபாகம் வாங்கும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்வது, "பழைய 5.9 கம்மின்ஸ்" என்று சொல்வதைவிடப் பல மடங்கு மேல்.

டீசல் பம்ப்பின் தகடும் பேசும். மைக்கோ, பாஷ் வரிசைப் பம்ப்புகளில் 'பி.இ.எஸ். 6 ஏ 95 டி' என்று தொடங்கும் குறியீடு இருந்தால்: பி.இ. என்பது சொந்தக் கேம் ஷாஃப்ட் உள்ள பம்ப், எஸ் என்பது ஃபிளாஞ்சில் பொருத்துவது, 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்ப் பருமன், 95 என்பது பிளஞ்சர் விட்டம் 9.5 மி.மீ. பின்னால் வரும் ஆர் அல்லது எல், சுழலும் திசை வலமா இடமா என்பது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பம்ப்பைக் கழற்றி மாற்றுவது எளிது. பம்ப் தகடு பம்ப்பைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்லும், பிளாக்கைப் பற்றி இல்லை. தகட்டின் ரிவெட்டும் புதிதாக இருந்தால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

நான்காவது சாட்சி: அளவு

காகிதம் மாறலாம், தகடு மாறலாம், அளவு பொய் சொல்லாது. இன்ஜினைப் பிரிக்கும் நாளில் இதை எடுத்துவிடுங்கள். பிரிக்காத நிலையில் வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் லேத் பில்லும் பிஸ்டன் செட் பில்லும் கேளுங்கள். அதில் அளவு எழுதியிருக்கும்.

போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் கீழிருந்து மேலே பயணிக்கும் தூரம். இரண்டையும் சென்டிமீட்டரில் எடுத்து, போன் கால்குலேட்டரில் இப்படிப் போடுங்கள்:

போர் × போர் × 0.7854 × ஸ்ட்ரோக் × சிலிண்டர் எண்ணிக்கை = சி.சி.

டாடா 697-க்குப் போர் 9.7, ஸ்ட்ரோக் 12.8: விடை 5,675. அதே டாடாவின் 692-க்குப் போர் 9.2, ஸ்ட்ரோக் 12: விடை சுமார் 4,786. டாடா லாரிகளில் வந்த 6 சிலிண்டர் கம்மின்ஸுக்குப் போர் 10.2, ஸ்ட்ரோக் 12: விடை 5,883. வெளியே பார்த்தால் மூன்றும் 6 சிலிண்டர் டீசல் இன்ஜின்தான். அளந்து பார்த்தால் மூன்றும் மூன்று ஊர்.

வேலை பார்த்த இன்ஜினில் விடை கொஞ்சம் கூடுதலாக வரலாம். கணக்குக்காக, 97 மி.மீ. போரை 0.50 மி.மீ. பெரிதாக்கியதாக வைத்துக்கொண்டால் விடை சுமார் 5,734. ஆர்.சி.யில் 5,675 இருக்கிறதே என்று பதற வேண்டாம். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் போரிங்கால் வரும். ஆயிரம் சி.சி. வித்தியாசம் போரிங்கால் வராது.

பிரித்திருக்கும்போது இந்த நான்கையும் படம் எடுத்து வையுங்கள்:

1. பிஸ்டன் தலையில் இருக்கும் குறி. 'எஸ்.டி.டி.' என்றால் கம்பெனி அளவு. 0.25, 0.50 என்றிருந்தால் அந்த அளவுக்கு ஓவர்சைஸ்.

2. மெயின், பிக் எண்ட் பேரிங்குகளின் முதுகுப்பக்கம். லேத்தில் "பத்து, இருபது, முப்பது" என்பார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது. பத்து என்றால் 0.25 மி.மீ. அளவுக்குக் கிராங்க் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

3. ஹெட் கேஸ்கெட்டின் தடிமனும், அதன் ஓரத்தில் வெட்டோ துளையோ இருந்தால் அதன் எண்ணிக்கையும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப்பார்க்கிறதோ, அதற்கேற்ற தடிமன்தான் போட வேண்டும்.

4. நாசிலில் உள்ள எண்.

இவை ஏன் முக்கியம்? 'இருபது' தேய்த்த கிராங்கில் கம்பெனி அளவு பேரிங்கைப் போட்டால் இடைவெளி அதிகமாகி ஆயில் பிரஷர் விழும், கொஞ்ச நாளில் தட்டும் சத்தம் வரும். தேய்க்காத கிராங்கில் 'இருபது' பேரிங்கைப் போட்டு இறுக்கினால் கிராங்க் சுற்றவே சுற்றாது. டர்போ இல்லாத இன்ஜின் பிஸ்டனையும் டர்போ இன்ஜின் பிஸ்டனையும் மாற்றிப் போட்டாலும் அதே கதைதான். பார்க்க ஒன்று போல இருக்கும், சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் விதம் வேறு.

நான்கு சாட்சியும் சேரும்போது

இரண்டு கற்பனை உதாரணங்களில் பயிற்சி எடுப்போம்.

முதல் லாரி: ஆர்.சி.யில் 6 சிலிண்டர், 5,675 சி.சி. லேத் பில்லில் 97 மி.மீ. பிஸ்டன் செட். பம்ப் தகட்டில் 6. டர்போ இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் பிளாக்கில் குத்திய எண், ஆர்.சி. எண்ணோடு சேரவில்லை, எழுத்துகள் சுத்தமாக இருக்கின்றன. இது அதே ரக இன்ஜின்தான், ஆனால் வேறு வண்டியிலிருந்து வந்த பிளாக். இன்ஜின் ஓடும், காகிதம் ஓடாது. முறைப்படி பதிவு செய்தால் சரியாகும்.

இரண்டாவது லாரி: ஆர்.சி.யில் அதே 5,675 சி.சி. பிளாக்கில் உள்ள எண், ஆர்.சி. எண்ணோடு அப்படியே ஒத்துப்போகிறது. பார்த்தவுடன் மனசு நிம்மதியாகும். ஆனால் லேத் பில்லில் 92 மி.மீ. பிஸ்டன் செட். 97 மி.மீ. போரில் 92 மி.மீ. பிஸ்டன் நிற்காது. ஒன்று, பில் வேறு வண்டியுடையது. இல்லையென்றால், எண் பிறகு குத்தப்பட்டது. எது என்று உறுதியாகும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் லாரியைக் கண்டு பயப்படுபவர்கள் அதிகம். உண்மையில் ஆபத்தானது இரண்டாவது.

எந்த வேலைக்கு ஆர்.டி.ஓ. போக வேண்டும்?

அதே பிளாக்கில் போரிங், ஸ்லீவ், பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை பார்த்தால் இன்ஜின் எண் மாறாது. ஆர்.சி.யில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பில்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பிளாக் மாறினால் எண் மாறிவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "ஹாஃப் இன்ஜின்தானே மாத்தினோம், அது ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரிதானே" என்பார்கள். ஹாஃப் இன்ஜின் என்பதே பிளாக்கோடு வருவதுதான். சட்டத்தின் பார்வையில் அது இன்ஜின் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வாகன மாற்றங்களைப் பற்றியது. முன் அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மாற்றும் முன்பே அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்றுச் செய்வது இன்னும் நல்லது. வண்டி மேல் கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும்.

பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர், நம்ம ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், எண்ணை நேரில் பார்ப்பார். இன்ஜின் வாங்கிய பில்லைத் தயாராக வைத்திருங்கள். பழைய இன்ஜின் என்றால், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தாகிவிட்டதா என்பதற்கான நகலையும் வாங்கி வையுங்கள்.

அது திருட்டு வண்டியின் இன்ஜினா என்று பார்க்கவும் வழி உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் கொடுத்தால், காவல்துறைப் பதிவில் உள்ள திருட்டு வாகனங்களோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். புதுப்பேட்டை, உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் இன்ஜின் வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று போனில் இதைப் பார்த்துவிடலாம்.

எண்ணே இல்லாத புது பிளாக் கிடைத்தால், "பழைய நம்பரையே லேத்துல குத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு அது திருத்திய எண்தான். பில்லோடு அலுவலகத்துக்குப் போய், அவர்கள் சொல்லும் முறையில் செய்யுங்கள்.

புகைச் சோதனையும் ஒரு குறிப்புதான்

டீசல் வண்டிக்கான புகை அளவு வரம்பு, ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 50. வேலை பார்த்த இன்ஜின் இந்த வரம்பைத் தாண்டிக் கரும்புகை கக்கினால், பம்ப் அமைப்போ நாசிலோ அந்த இன்ஜினுக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம். ஏர் ஃபில்டரைப் பார்த்த பிறகு, பம்ப் தகட்டையும் நாசில் எண்ணையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்ஜின் எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

போனில் ஒரு ஃபோல்டர்

வண்டி எண்ணைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதில் ஆர்.சி., குத்திய எண்ணின் படம், பென்சில் அச்சு, வார்ப்பு எண், பம்ப் தகடு, பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் படங்கள், லேத் பில், உதிரிபாக பில் எல்லாம் இருக்கட்டும். கூடவே ஒரு சிறு குறிப்பு: எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த அளவில் வேலை பார்த்தது. டிரைவரின் போனிலும் ஒரு நகல் இருக்கட்டும். நள்ளிரவில் ஆந்திர எல்லையில் வண்டி நின்றால், அங்கே இருக்கும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி "பேரிங் என்ன சைஸ்?" என்பதுதான். அந்தப் படத்தை அனுப்பினால் இன்ஜினைப் பிரிக்கும் முன்பே சரியான பேரிங் கடையிலிருந்து கிளம்பிவிடும்.

பின்னாளில் நீங்கள் அந்த லாரியை விற்கும்போது, படிவம் 29, 30-ஓடு இந்த ஃபோல்டரையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். "இன்ஜின் வேலை பார்த்தாச்சு" என்று வாயால் சொல்கிற வண்டிக்கும், என்ன வேலை என்று காட்டுகிற வண்டிக்கும் ஒரே விலை இருக்காது.